அப்பா அவனோடுதான் பேசினார்

அறுபதை எட்டிப் பார்க்கிற நம் வயதில் ஆளுக்கொரு குறை இருக்கிறது. சிலருக்கு முழங்கால், சிலருக்கு மருமகள். எனக்கு இருப்பது ஒரு பொறாமை. நாற்பது வருடத்துப் பழையது. காலையில் மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போடும்போதே, எனக்கு வந்திருக்க வேண்டியவற்றில் எதெது இன்னொருவனுக்குப் போயிற்று என்றும் மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கச் சொந்த வீட்டிலேயே இரண்டாவது பையனாக இருந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகள். எங்களுடையது ஓட்டு வீடு. பின்னால் கிணற்றை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை தனியாக நின்றது. பத்தாவது வகுப்புக்குப் போனதும் அது எனக்கு என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். நான் அதில் ஏற்கெனவே நான்கு ஆணிகள் அடித்துவைத்திருந்தேன். பைக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று. நான்காவது எதற்கென்று முடிவாகவில்லை.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சைக்கிளில் போய் சைக்கிளில் வருவார். வந்ததும் மரத்தூளையும் சோப்புத் தூளையும் கலந்து கையைத் தேய்த்துக் கழுவுவார். அந்த வாசனைதான் எனக்கு அப்பா. அதற்கு மேல் அவரிடமிருந்து பெரிதாக எதுவும் வராது. என் பங்குக்கு நாளொன்றுக்கு மூன்று வாக்கியம். படிச்சியா. லைட்ட நிறுத்து. அந்தாண்ட போ.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கையைத் தூக்கினார். இலங்கையிலிருந்து படகில் வந்த ஒரு தாயும் மகனும் பூந்தமல்லியில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் இருக்கிறார்கள், அங்கே ஒரே அறையில் ஒன்பது பேர், யாராவது இடம் கொடுக்க முடியுமா என்று சாமியார் கேட்டிருந்தார். கோயிலில் அத்தனை பேர் இருந்தோம். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் போக மற்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா கையைத் தூக்கினார். அம்மா முழங்கையால் அவரை இடித்தாள். கை இறங்கவில்லை.

அன்று சாயங்காலமே என் ஆணிகளில் அவர்களுடைய துணி தொங்கியது.

அந்த அம்மாளை அத்தை என்று கூப்பிடச் சொன்னார்கள். அவள் அப்பாவை அண்ணை என்றாள், அம்மாவை அக்கா என்றாள். மகன் என்னைவிட ஒரு வயது பெரியவன், பத்தாவது. மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர். அவனுடைய அப்பா படகும் வீட்டுக் காரியமும் முடித்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லி இவர்களை முன்னால் ஏற்றி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அந்தக் கரைக்குப் போய்வருகிற ஆட்கள் மூலமாக எங்கள் வீட்டு விலாசத்தை அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. சேர்ந்திருந்தால் அந்த மனிதரிடம் இருப்பது இந்த ஒரு விலாசம்தான். அதனால் அத்தை எங்கேயும் நகர மாட்டாள். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட மகனை மட்டும் அனுப்பிவிட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் எனக்குச் சிரிக்கக் கொஞ்சம் கிடைத்தது. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் அவனிடம், கடவுள் எங்கும் இருக்கிறாரா என்று கேட்டார். அவன் எழுந்து நின்று, "ஓம், சிஸ்டர்" என்றான். உலகத்தைப் படைத்தவர் அவர்தானா என்று கேட்டார். "ஓம்." வகுப்பு முழுக்கச் சிரித்தது. இவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்களா இல்லையா என்று சிஸ்டர் சாமியாரிடம் போய் விசாரிக்க, அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் நான் அவனை 'ஓம்' என்று கூப்பிட்டேன். அவன் ஒவ்வொரு தடவையும் "ஓம்" என்று திரும்பிப் பார்த்ததால் அதில் சுவை போய்விட்டது.

பிறகு வந்ததெல்லாம் அவன் பக்கம்தான். டி.சி. இல்லாமலே பூந்தமல்லியில் எங்கள் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஒரு நாள் லீவ் லெட்டர் இல்லாமல் போனால் வெளியே நிற்கவேண்டிய பள்ளி அது. ஃபீஸ் கிடையாது என்று ஹெட்மாஸ்டரே சொன்னார். பூந்தமல்லி ஜவுளிக்கடை பாய், பணம் வாங்காமல் இரண்டு சட்டைக்கும் இரண்டு டவுசருக்கும் துணி கிழித்துக் கொடுத்தார். வளர்கிற பையன் என்று டெய்லரிடம் சொல்லி ஓரத்தை மடித்துத் தைக்கச் சொன்னதும் அவர்தான். நானும் வளர்கிற பையன்தான். என் டவுசர் பெரியப்பா மகனுடையது. பின்பக்கம் போட்ட ஒட்டு வேறு நிறம். ஆவடியிலிருந்து ஒரு டாக்டர் வந்து அத்தையின் காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டு, நீட்டிய நோட்டை வாங்காமல் போனார். கோயிலிலிருந்து ஒரு மூட்டைத் துணி. அதில் எனக்குச் சரியாக இருந்திருக்கக்கூடிய ஒரு நீலக் கோடு போட்ட சட்டை. இது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் நான் எங்கிருந்தும் ஓடி வரவில்லை.

தெருவிலும் இதே கணக்குத்தான் ஓடியது. குழாயடியில் எங்கள் தெரு டெய்லர் என் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நம்ம ரேஷன்ல அரிசி போட மூக்கால அழுவுறான். இவுங்களுக்கு கவர்மெண்ட்டு துட்டாவே குடுக்குதாமே. நீங்க வேற எடத்தக் குடுத்துட்டு நிக்கிறீங்க."

எனக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம். நான் மட்டும் எரியவில்லை, ஊரே எரிகிறது. உண்மை வேறு. துட்டும் அரிசியும் முகாமில் பெயர் எழுதிக்கொண்டு அங்கேயே தங்குகிறவர்களுக்கு. வெளியில் தங்குகிறவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு அவ்வப்போது போய்த் தலையைக் காட்ட வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது வெளியில் தங்கும் அனுமதி மட்டும். அத்தை இடியப்பம் பிழிந்து நாலைந்து வீடுகளுக்கு விலைக்குக் கொடுத்தாள். வந்தபோது அவள் கையில் நான்கு வளையல்கள். பொங்கலின்போது இரண்டு. நான் எண்ணினேன். ஏன் குறைந்தது என்று மட்டும் அப்போது யோசிக்கவில்லை.

இடியப்பத்தோடு தேங்காய்ப் பாலில் சொதி என்று ஒன்று வைப்பாள். மஞ்சள் நிறம், பச்சை மிளகாய் மிதக்கும், கொஞ்சம் எலுமிச்சைப் புளிப்பு. முதல் நாள் அதைச் சாப்பிட்ட அப்பா, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். அம்மாவின் கரண்டி நின்றுவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருடமாக அவளுடைய குழம்புக்கு அந்த வார்த்தை வந்ததில்லையாம். அன்றிலிருந்து என் பொறாமைக்கு வீட்டிலேயே ஒரு துணை கிடைத்தது. ஆனால் அம்மாவுடையது நிலைக்கவில்லை. பத்து நாளில் சொதி வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

என்னுடையது வளர்ந்தது. காரணம் சாயங்காலங்கள்.

அப்பா கம்பெனியிலிருந்து கழித்துப் போட்ட ஒரு பம்பை வாங்கிவந்து, கிணற்றடியில் கோணி விரித்து, பிரித்துப் போட்டிருந்தார். ஒருநாள் அத்தை மகன் அந்தப் பக்கம் போனவன் குந்தி உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பாவின் படகில் இன்ஜின் உண்டு. உப்புத் தண்ணீர் பட்டால் எது முதலில் கெடும், ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை நடுக்கடலில் எப்படிக் கிளப்புவது, எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்பா கேட்டார். அவன் சொன்னான். அப்பா இன்னும் கேட்டார். மண்ணெண்ணெயில் கழுவிய நட்டுகள் கோணியில் வரிசையாகக் காய, இருட்டும் வரை இரண்டு பேரும் முணுமுணுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அவன் ஏதோ சொல்ல, அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவருடைய மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நானும் போய் நின்று பார்த்தேன். ஸ்பானர் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்று. அப்பா நிமிர்ந்து, "நீ போயி படி" என்றார். அவனுக்கும்தான் பத்தாவது. அவன் படிக்க வேண்டாமா?

அவர்கள் வேறு ஊருக்குப் போனபோது அப்பா இரண்டு ஸ்பானர்களை அவனுக்குக் கொடுத்தனுப்பியதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்பா இறந்த பிறகு அவருடைய ஸ்பானர் பெட்டியை நான் அடுக்கினேன். அளவு வரிசையில் வைத்தால் பதினான்கும் பதினேழும் மட்டும் இல்லை. கடையில் வாங்கி வைத்திருக்கலாம். வாங்கவில்லை.

அந்த நாட்களில் ஒன்றில் துணி துவைக்கும் கல்லருகே அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"எங்கப்பா தெனமும் உங்கிட்ட இன்னாடா பேசறாரு?"

அவன் முகம் மாறிவிட்டது. "மாமாவோ? மாமா என்னை ஒருநாளும் பேசேல்லையே."

"தோ, நேத்து பேசினாரே."

"இல்லையடா. சத்தியமா மாமா என்னைப் பேசேல்ல."

கண் எதிரே நடப்பதை இல்லை என்கிறான். என் அப்பாவை எடுத்துக்கொண்டதுமல்லாமல் அதை மறைக்கவும் செய்கிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. பொய்யன் என்று முடிவு கட்டினேன். அவனைப் பார்த்தாலே திரும்பிக்கொண்டேன்.

மாசி பிறந்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்தார். வெளியில் தங்கியிருப்பவர்களை வீடு வீடாகப் பார்க்கிற வேலை. நல்ல மனிதர்தான், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மண்ணெண்ணெய் வரிசையில். அத்தை மகனுக்கு ஸ்பெஷல் கிளாஸ். வீட்டில் அத்தையும் நானும் மட்டும்.

ஊட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். வேலைக்கு என்று அத்தை சொன்னாள். அவள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். காக்கி உடுப்பு எதைப் பார்த்தாலும் அவள் அப்படித்தான் ஆகிவிடுவாள். தபால்காரர் வந்தபோதும் அப்படித்தான்.

"சரி. அவுரு பேசினாரா? எத்தினி மாசம் இருக்கலாம், இன்னா ஏதுன்னு எல்லாம் பேசிட்டாரா?"

"ஐயோ, இல்லை ஐயா. அவர் எங்களை ஒருநாளும் பேசினதில்லை."

"பேசவே இல்லியா?"

"ஒருக்காலும் இல்லை."

"அந்தம்மா?"

"அக்காவும் பேசுறேல்லை. இந்த வீட்டில ஒருத்தரும் எங்களைப் பேசினதில்லை ஐயா." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை.

கான்ஸ்டபிள் தொப்பியால் விசிறுவதை நிறுத்திவிட்டார். "இன்னாம்மா இது? ஒரே காம்பவுண்டுல இருந்துகினு யாருமே பேசறதில்லன்னா எப்டிம்மா காலம் தள்ளுவே? நீ கேம்புக்குப் போயிடு. நான் எழுதித் தரேன். அரிசி போடறாங்க, மாசா மாசம் துட்டு குடுக்கறாங்க. உங்க ஊரு ஜனம் இருக்கும்."

அத்தைக்கு எங்கே தவறு நேர்ந்தது என்று புரியவில்லை. "வேண்டாம் ஐயா. பிள்ளையின்ர அப்பாவுக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்டுதான்" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மகன் பொய்யன் என்று நினைத்தேன், தாயுமா? எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் அப்பா பேசுவதே இல்லை என்று போலீஸ்காரரிடமே சொல்கிறாள்.

"பொய் சொல்றாங்க சார்" என்றேன். "எங்கப்பா தெனமும் சாயங்காலம் இவுங்க பையனைக் கூப்ட்டு ஒக்கார வச்சி பேசறாரு. சாப்பாட்டுக்கு எழுந்துக்கற வரைக்கும் பேசறாரு."

கான்ஸ்டபிள் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நைனா, நீ ஒண்ணு சொல்றே, அந்தம்மா ஒண்ணு சொல்லுது. காலைல உங்கப்பாவ ஸ்டேஷனாண்ட வந்து சொல்லிட்டுப் போவச் சொல்லு. வரலன்னா நான் கேம்புக்கு எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

நான் சொன்னது உண்மை. இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன். ஆனால் அத்தை கேட்டது வேறு. சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு என்னருகே வந்தாள்.

"தம்பி, அப்பா அவனைத் தினமும் பேசுறவரோ?"

"ஆமா."

"என்னத்துக்கு?"

"எனக்கு இன்னா தெரியும். மிஷினப் பத்திதான்."

"அவன் ஏதும் உடைச்சுப்போட்டானோ?"

"ஒரு தபா வாஷர் ஒண்ணு ஒடைஞ்சிது."

"அண்டைக்கும் பேசினவரோ?"

"அன்னிக்குதான் நெறையப் பேசினாரு" என்றேன்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பின்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். ஆணிகளில் துணி இல்லை. கோயிலில் கொடுத்த போர்வையை விரித்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அதில் வைத்துக்கொண்டிருந்தாள். இடியப்ப உரலைத் துணியில் சுற்றும்போது மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அறை திரும்பக் கிடைக்கப்போகிறது என்று தெரிந்தது. சந்தோஷப்பட்டேனா? பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அங்கே நிற்க முடியவில்லை.

மண்ணெண்ணெய் டின்னோடு வந்த அம்மா மூட்டையைப் பார்த்துப் பதறினாள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, தன் பிள்ளையால் உங்களுக்குக் கரைச்சல் என்று மட்டும் அத்தை சொன்னாள். அம்மா என்னைக் கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா தன் மனதில் இருந்ததை வைத்து அதைப் புரிந்துகொண்டாள். அப்பா அத்தையின் மகனோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது அந்தம்மாவுக்குப் பிடிக்கவில்லை, பையனுக்குப் பரீட்சை வருகிறது, அதைச் சொல்லத் தெரியாமல் கிளம்புகிறாள். இதுதான் அம்மாவின் தீர்ப்பு.

அப்பா சைக்கிளை நிறுத்தும்போது மூன்று பேரும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். கையைக்கூடக் கழுவவில்லை அவர்.

அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள். "அண்ணை, பிள்ளை பிழை விட்டிருந்தா என்னட்டச் சொல்லியிருக்கலாமே. ஒவ்வொரு நாளும் பேசுறீங்களாம்."

அப்பா டிபன் கேரியரைக் கீழே வைத்தார். "ஆமாம்மா, பேசறேன். நல்ல பையன்மா அவன். தெனமும் கொஞ்ச நேரம் பேசினாத்தான் எனக்கு மனசு நிம்மதியாகீது."

அத்தை அப்படியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுங்களுக்குப் புடிக்கலன்னா விட்டுடுங்களேன்" என்றாள் அம்மா.

"இதுல புடிக்காததுக்கு இன்னா கீது?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இன்னா கெட்டதா பேசினேன்? பையன்கூட ரெண்டு வார்த்த பேசறது ஒரு குத்தமா?"

"ரெண்டு வார்த்தை எண்டாப் பரவாயில்லை அண்ணை" என்று அத்தை அழ ஆரம்பித்தாள். "சாப்பாடு வரைக்கும் பேசுறீங்களாம். நாங்கள் கேம்புக்கே போறம். அவர் வந்து தேடினா நீங்கள்தான் சொல்லவேணும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் என் மூன்று வாக்கியங்களும் இருந்தன. அந்த நேரத்தில்தான் அத்தை மகன் தோளில் பையோடு வந்து சேர்ந்தான். மூட்டையைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான். அத்தை அழுகையினூடே, மாமா உன்னை ஒவ்வொரு நாளும் பேசுகிறாராமே, என்னிடம் ஏனடா மறைத்தாய் என்று கேட்டாள். அவன் ஒரு கணம் முழித்தான். பிறகு, பையைக்கூட இறக்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அம்மா, இந்த ஊர் ஆக்கள் பேசுறது எண்டா கதைக்கிறது. மாமா என்னை ஏசேல்ல. என்னோட கதைச்சவர்." அப்புறம் அப்பாவைப் பார்த்து, "எங்கட ஊரில பேசுறது எண்டாத் திட்டுறது மாமா" என்றான்.

அவனுக்கே அது போன வாரம் பள்ளியில்தான் தெரிந்ததாம். வாத்தியார் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவன் போர்டில் 'பேசியவர்கள்' என்று எழுதி அதன் கீழ் அவன் பெயரையும் எழுதிவிட்டான். வாத்தியார் வந்ததும் இவன் எழுந்து, நான் ஒருத்தரையும் பேசேல்ல சேர், வேணுமெண்டாக் கேட்டுப் பாருங்கோ என்று கண்கலங்கச் சொல்ல, பக்கத்துப் பையன்களும் ஆமாம் சார், இவன்தான் சார் எங்ககிட்ட பேசினான் என்று சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரம் பெஞ்சு மேல் நின்ற பிறகுதான் விளங்கியதாம்.

அத்தை தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. அம்மா போய் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். அப்பா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, நடந்ததை மெதுவாகப் பின்னாலிருந்து முன்னால் அடுக்கிப் பார்த்தார். பிரித்த பம்பைச் சேர்க்கிறவர் அல்லவா. அடுக்கி முடித்ததும் அத்தை மகனைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப, எம் பையங்கிட்ட நான் உங்க ஊரு பேச்சுதான் பேசினு இருந்துகிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்னைப் பற்றிய அந்த வேடிக்கையையும் அவர் அவனைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிற்காலத்தில் தமிழில் இரண்டு பட்டம் வாங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விஷயம் முழுக்க ஒரு வேற்றுமை உருபில் இருந்தது. அவனோடு பேசுவது, அவனைப் பேசுவது. அந்த 'ஐ'யைக் கவனித்திருந்தால் கான்ஸ்டபிளுக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். அத்தையும் நம் ஊர்ச் சினிமா பார்த்துப் பழகியவள்தான். சாதாரண நாளில் சரியாகக் கேட்டிருப்பாள். வாசலில் காக்கி நின்ற நாளில் அவளுக்குப் பிறந்த ஊர்க் காதுதான் வேலை செய்தது. கான்ஸ்டபிள் உபகாரம் செய்வதாக நினைத்தார். டெய்லர் நியாயம் பேசுவதாக நினைத்தார். அம்மா விட்டுக்கொடுப்பதாக நினைத்தாள். இவர்கள் எல்லாருடைய நல்ல எண்ணமும் சேர்ந்து ஒரு சாயங்காலத்துக்குள் அவர்களை அந்த விலாசத்திலிருந்து கிளப்பியிருக்கும்.

மறுநாள் ஞாயிறு. அப்பா பூசைக்குக்கூட வராமல் ஸ்டேஷனுக்குப் போனார். இதை அங்கே எப்படி விளக்கினார் என்று தெரியாது. நீண்ட நேரம் கழித்து வந்து, "சரியாப் போச்சி" என்றார் அத்தையிடம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் ஒரே கூத்து. அத்தை எங்களுக்காக 'பேசினேன்' என்பாள். அம்மா அவளுக்காக 'கதைச்சேன்' என்பாள். குழாயடியில் அம்மா அப்படிச் சொன்னதைக் கேட்டு, யாரு இன்னா கதை உட்டாங்க என்று டெய்லர் விசாரித்தார்.

பம்பு ஓடத் தொடங்கியது. ஓடிய பிறகும் அப்பா அதைப் பிரித்தார்.

தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. பரீட்சைக்குப் படிக்க எங்கள் இருவருக்கும் லீவு விட்டிருந்தார்கள். அப்பாவுக்குக் கம்பெனியில் பவர்கட், சீக்கிரம் வந்துவிட்டார். நான் கேட்டருகே நின்றிருந்தேன். பூந்தமல்லி ரோட்டுப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், போட்டிருந்த சட்டை அவருடையது இல்லை, தோள் இரண்டும் தொங்கின. கையில் ஒரே ஒரு பை. எங்கள் தெருவின் வீடுகளை எண்ணிக்கொண்டே வருவது தெரிந்தது. எண்ணுகிறவனை எண்ணுகிறவனுக்குத் தெரியாதா?

நான் கேட்பதற்குள் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. அது பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை. அவர் பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே நடந்தார். கிணற்றடியிலிருந்து அத்தை மகன் ஓடிவந்தான், முழங்கை வரை கிரீஸ்.

அவர் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். சட்டைக் காலரைப் பிடித்தார். தொடங்கினார்.

"உனக்கு அறிவிருக்கோ? என்ன கோலமடா இது? சோதினை வருகுது, நீ மிசின் நோண்டுறியோ? தலைமயிர் வெட்ட நேரமில்லையோ? அம்மா ஏனடா இப்பிடி மெலிஞ்சு கிடக்கிறா? நீ பாக்கிறேல்லையோ? உன்னை நம்பித்தானே அனுப்பினனான்..."

நிற்கவில்லை. செருப்பு ஏன் தேய்ந்திருக்கிறது, சட்டையில் பொத்தான் ஏன் இல்லை, சங்கிலியில் இருந்த மாதா சுரூபம் எங்கே. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. குரல் நடுவில் உடைந்தது, ஒட்டவைத்துக்கொண்டு திட்டினார். காலரைப் பிடித்த கையை மட்டும் விடவே இல்லை. தெருவே கூடிவிட்டது. அத்தை மகன் கிரீஸ் கையைத் தூக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றான்.

அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். தலையைச் சாய்த்து, என்னிடம், மெதுவாகக் கேட்டார்.

"இன்னாடா, வந்ததும் வராததுமா இன்னா பண்றாரு அவரு?"

"பேசறாருப்பா" என்றேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, கீழே கிடந்த பையை எடுக்கப் போனார். நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. அத்தனை நேரம் என்னை யாரும் பேசியதே இல்லை.